குன்னூரில் இருவரும் வேலைக்குப் போகிறோம். 9 வாரக் குட்டியைப் பகலில் யாரிடம் விடுவது?

கேட்டவர் ஊட்டியில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியை. குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் வாடகை வீடு. கணவருக்கு அருவங்காட்டில் அலுவலக வேலை. காலை 7.45-க்குக் கதவைப் பூட்டினால் மாலை 5 மணிக்குத்தான் திறக்கிறார்கள். 9 வாரமான லாப்ரடார் குட்டி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை மாறி மாறி லீவு போட்டுச் சமாளித்தாயிற்று, அடுத்த திங்களிலிருந்து முடியாது. சிட்-அவுட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டுப் போகலாமா, பாத்ரூமில் சாப்பாடும் தண்ணீரும் வைத்துப் பூட்டலாமா, நாலு நாய் வளர்க்கும் தெரிந்தவர் ஒருவர் "எங்க வீட்ல விட்டுட்டுப் போங்க" என்கிறாரே, அங்கே விடலாமா என்று மூன்று வழியைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

டீச்சர், மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். குட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பார்த்துக்கொள்ளும் ஆள் அங்கே வரட்டும். அடுத்த இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரியில் என் வீட்டிலேயே, வேலைக்குப் போகிறவர்களின் குட்டிகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். அப்படி இருந்தும், ஊசி முடியாத குட்டியை என்னிடம் கொண்டுவருகிறவர்களிடம் "இன்னும் கொஞ்ச நாள் உங்க வீட்லயே ஆள் வச்சுப் பாருங்க" என்றுதான் முதலில் சொல்லுவேன். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சிட்-அவுட். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் வெயில் மழைப் பிரச்சினை. நமக்கு அப்படி இல்லை. சிறுத்தைக்கு நாய் மிகச் சுலபமான இரை. டீத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் வாசலில் படுத்திருந்த நாயைத் தூக்கிக்கொண்டு போகும் கேமராப் பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 தீபாவளி சமயத்தில் குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்குள்ளேயே சிறுத்தை புகுந்து, மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படச் சிலர் காயப்பட்டார்கள். பகலில் வராதே என்று நினைக்க வேண்டாம். டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் 4 மணியே இருட்டு. சீசன் நேரத்தில் ஊட்டி ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் நீங்கள் 5 மணிக்கு வரப்போவதும் இல்லை. பெல்ட்டில் கட்டிய குட்டிக்கு ஓடக்கூட வழி கிடையாது. இதுபோக, பகலிலேயே குரங்கு வரும், காட்டெருமை வேலியோரம் மேயும். அதைப் பார்த்துக் குட்டி குரைக்கும், இழுக்கும், கயிறு கழுத்தில் சுற்றும்.

கட்டிப்போடுவது பற்றிச் சட்டமும் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. நான் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான் குட்டியின் மனசு உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். இந்த வயதில் ஒன்பது மணி நேரம் தனியாகக் கட்டிக்கிடந்து கத்திப் பழகிய குட்டி, பெரிதானதும் ஆள் வாசல் தாண்டினாலே ஊளையிடும், கதவைப் பிராண்டும். அதை மாற்ற மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

பாத்ரூம் யோசனையில் வேறு சிக்கல். 2 மாதக் குட்டியால் மூத்திரத்தை இரண்டு மணி நேரம் அடக்க முடிந்தால் பெரிய விஷயம். மாதக் கணக்கோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 2 மாதத்துக்கு 3 மணி, 3 மாதத்துக்கு 4 மணி. அது அதிகபட்ச எல்லை. அவ்வளவு நேரம் விடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது மணி நேரம் பூட்டினால் குட்டி தன் அழுக்கிலேயே மிதித்து, படுத்து, அதுதான் வழக்கம் என்று கற்றுக்கொள்ளும். நாய்க்குட்டிக்குப் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாத இயல்பு பிறவியிலேயே உண்டு. வெளியே போய் ஒன்றுக்கு இருக்கப் பழக்குவதே அந்த இயல்பை வைத்துத்தான். அதை நாமே கெடுத்துவிட்டால் பிறகு பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. மலையில் இன்னொன்று, பாத்ரூம் தரை எப்போதும் ஈரமும் சில்லென்றும் இருக்கும். இந்த வயதுக் குட்டி உடம்புச் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். தரையில் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தால் அதையும் நக்கிவைக்கும்.

நாலு நாய் வீடு. இதைத்தான் நீங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பார்க்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குட்டிக்குத் தாயிடமிருந்து சீம்பால் வழியாக எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது உடம்பில் இருக்கும்வரை நாம் போடும் ஊசி சரியாக ஏறாது, தாயின் சக்தியே ஊசி மருந்தை முறித்துவிடும். அது எப்போது இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு 7 வாரத்தில், இன்னொன்றுக்கு 14 வாரத்தில். அதனால்தான் செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் என்று சொல்கிற அந்தக் கூட்டு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறோம். "ஒரு ஊசி போட்டாச்சு சார், ரெண்டு போட்டாச்சு சார்" என்றால் குட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது: தாயின் சக்தி குறைந்திருக்கும், ஊசியின் சக்தி இன்னும் ஏறியிருக்காது. வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

பார்வோ கிருமி நாயிடமிருந்து நாய்க்கு நேராக ஒட்ட வேண்டும் என்பதில்லை. நோய்வந்த நாயின் மலம் பட்ட மண், செருப்பு, சாக்கு, தட்டு எதிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மண்ணில் ஒரு வருஷம் வரைகூட. நல்ல வெயிலும் வறட்சியும் அதைக் குறைக்கும். நம் ஊரில் வெயில் எங்கே? நிழலும் ஈரமும் குளிருமாக இருக்கும் தோட்ட மண்ணில் அது இன்னும் சொகுசாகத் தங்கும். ஆக, அந்த வீட்டு நாலு நாயும் ஊசி போட்ட ஆரோக்கியமான நாய்களாகவே இருக்கலாம். ஆனால் அவை தெருவில் சுற்றிவிட்டு வருகின்றனவா, அந்த வாசலில் தெருநாய் வந்து போகிறதா, போன வருஷம் அங்கே ஏதாவது குட்டி வாந்தியும் ரத்தபேதியுமாகச் செத்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். "ஆமாங்க, ஒரு குட்டி வயித்தால போய்ச் செத்துப்போச்சு" என்றால் 16 வாரத்து ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை அந்த வாசலை மிதிக்கவே வேண்டாம், நீங்களும் அங்கே போட்டுப்போன செருப்போடு வீட்டுக்குள் வர வேண்டாம். கழுவ வேண்டுமானால் சாதாரண பிளீச்சிங் திரவத்தை ஒன்றுக்கு முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவினால் இந்தக் கிருமி சாகும். டெட்டால் வாசனைக்கு இது அசையாது.

இன்னொன்று எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த ஈரமண், தேங்கிய தண்ணீர் வழியாக வரும், நாயிடமிருந்து மனிதனுக்கும் வரும். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து வாய்க்கால்களில் குட்டியை விளையாட விடாதீர்கள். அதற்கான மருந்து உங்கள் குட்டிக்குப் போடும் கூட்டு ஊசியில் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருக்காது.

ஊசி எல்லாம் முடியட்டும், 18 வாரம் ஆகட்டும், அப்புறம் அந்த நாலு நாய் வீடு உங்களுக்குப் பெரிய வரமாகக்கூட அமையலாம். அப்போது போய்ப் பாருங்கள். மற்ற நாய்களின் ஊசிச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், வாய்ச் சொல்லோடு நிற்காதீர்கள். குட்டியைத் தனியே படுக்கவைக்க ஒரு இடம் இருக்கிறதா, சரிவுப் பக்கம் வேலி உண்டா, கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து, மழை பெய்தால் நாய்கள் எங்கே இருக்கின்றன, அந்த ஆள் பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாரா, இல்லை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வருகிறாரா. நம் ஊர் வீடுகள் மேடும் பள்ளமுமாக அடுக்கி நிற்கும். மேல் வீட்டு முற்றத்தின் விளிம்பு கீழ் வீட்டுக் கூரை. அந்த விளிம்பிலிருந்து விழுந்து கால் உடைந்த குட்டிகளுக்குப் பணியில் இருந்தபோது கட்டுப் போட உதவியிருக்கிறேன்.

இனி ஆள் தேடுவது. விளம்பரம் கொடுத்துத் தேடுவதைவிட, உங்கள் வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிஷத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மழையிலும் பந்த் நாளிலும் பஸ் ஓடாத நாளிலும் வரக்கூடியவர் அவர்தான். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் பக்கத்து லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கலாம். டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் போகிறவர் வீட்டில், மனைவி பகலில் இருக்கலாம். வெலிங்டன் பக்கம் என்றால் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர், நேரம் தவறாதவர்கள், நாய் என்றால் உயிரை விடுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் ஹட்டி (படுகர் கிராமம்) இருந்தால் அங்கே கேளுங்கள். மாடு வைத்துப் பழகிய வீட்டில் வாயில்லா ஜீவனின் முகம் பார்த்தே உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண் படித்து வருவதில்லை.

நாய் மேல் ஆசை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து ஆளை வைக்காதீர்கள். பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். 9 வாரக் குட்டி நாளுக்கு 18 மணி நேரம் தூங்கும். விழித்திருக்கும் நேரத்தில் கடிக்கும், சேலையை இழுக்கும், பாயில் ஒன்றுக்கு இருக்கும். கொஞ்சுவதற்கு ஆசைப்பட்டு வருகிறவர் மூன்றாம் நாள் சலித்துவிடுவார். பார்த்துக்கொள்ள வரும் அக்கா, வந்ததும் குட்டியைக் கூப்பிடாமல் உட்கார்ந்து, அது தானாக வந்து மோந்து பார்க்க விடுகிறாரா? அப்படிப்பட்டவரை விடாதீர்கள்.

காசு பேசிவிடுங்கள். "சும்மா ஒரு எட்டு வந்து பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லி, தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பதில் இந்த ஏற்பாடு நிற்காது. உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு மணிக்கு என்ன தருகிறார்களோ அதற்குக் குறையாமல் மாதச் சம்பளமாகக் கொடுங்கள், நீங்கள் லீவில் இருக்கும் நாளுக்கும் பிடிக்காமல் கொடுங்கள். அப்போதுதான் அவர் அந்த நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்கிவைப்பார். வீட்டுச் சாவி கொடுக்கப்போகிறீர்கள், அதனால் வீட்டு ஓனரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் "யாரோ உள்ள போய்ட்டு வர்றாங்க" என்று பேச்சு வரக் கூடாது.

முதல் இரண்டு வாரம் அக்கா பகல் முழுக்க இருக்கட்டும். அவரால் தன் வீட்டை விட்டு அவ்வளவு நேரம் வர முடியாது என்றால், அவர் வீட்டில் வேறு நாய் இல்லாமல், வாசல் அடைப்பாக இருந்தால், குட்டியை அங்கே விடலாம். ஆனால் குட்டியின் சாக்கு, தட்டு, படுக்கைத் துணி எல்லாம் கூடவே போகட்டும். அதன் பிறகு நேரத்தைத் துண்டாக்கிக்கொள்ளலாம். உங்கள் நேரத்துக்கு நான் போடும் கணக்கு இது: காலை 6 மணிக்குக் குட்டியை வெளியே உங்கள் முற்றத்தில் விட்டு, 6.30-க்குச் சாப்பாடு, கிளம்பும் முன் 7.30-க்கு இன்னொரு முறை வெளியே. அப்புறம் அது தூங்கும். 9.30-க்கு அக்கா வந்து 12.30 வரை இருக்கிறார், 11 மணிச் சாப்பாட்டை அவர் கொடுக்கிறார். அருவங்காட்டிலிருந்து குன்னூர் டூ வீலரில் பெரிய தூரம் இல்லை, உங்கள் வீட்டு சார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் 1 மணிக்கு வந்து வெளியே விட்டுவிட்டுப் போகட்டும். 3 மணி வாக்கில் அக்கா மறுபடி அரை மணி நேரம், மூன்றாவது சாப்பாடு. 5 மணிக்கு நீங்கள். இரவு 7.30-க்கு நாலாவது. 3 மாதம் ஆனதும் நாலு வேளை மூன்றாகும், 6 மாதத்துக்கு மேல் இரண்டு வேளை போதும். 6 மாதத்தில் மத்தியானம் ஒரே ஒருவர் வந்து போனால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

சாரால் மதியம் வர முடியாது என்றால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்கலாம். சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் குட்டியோடு விடாதீர்கள், குட்டிக்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே நல்லதில்லை.

அக்காவுக்கு வேலையைச் சொல்லித் தருவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சனி ஞாயிறு இரண்டு நாளும் அவரை வரச்சொல்லி, நீங்களும் கூட இருங்கள். சுற்று இதுதான்: தூங்கி எழுந்ததும் வெளியே, சாப்பிட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியே, விளையாட்டு முடிந்ததும் வெளியே. போக வேண்டிய இடத்தில் போனால் அந்த நொடியே பாராட்டு. உள்ளே போய்விட்டால் சத்தம் போடாமல் துடைப்பது. மூக்கை மூத்திரத்தில் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அது குட்டிக்குக் கற்றுத்தருவது ஒன்றே ஒன்று, மனிதர் பார்க்கும்போது ஒன்றுக்கு இருக்கக் கூடாது என்பது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்றுக்கு இருக்கும்.

மழைக்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி கார்த்திகை மழை விடாமல் பிடிக்கும், குட்டி நனைந்த புல்லில் கால் வைக்கவே மறுக்கும். சன்ஷேடுக்குக் கீழே ஒரு அகலமான ட்ரே வைத்து, உங்கள் முற்றத்து மண்ணையே புல்லோடு பெயர்த்துப் போட்டு, மழையில்லாத நாளிலேயே அதில் போகப் பழக்கிவிடுங்கள். பாதையோரத்து மண்ணை எடுக்காதீர்கள், பார்வோ பற்றிச் சொன்னதுதான் காரணம். வெளியே போய்விட்டு வந்தால் வயிறும் காலிடுக்கும் காயத் துடைக்க வேண்டும், கூடவே அட்டை, உண்ணி பார்க்க வேண்டும். காது மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள், உண்ணி ஒளிவது அங்கேதான்.

தனியாக இருக்கும் நேரத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஆறடிக்கு நாலடி ஒரு தடுப்புக் கட்டுங்கள். கீழே மரப்பலகை, மேலே சாக்கு, அதன் மேல் பழைய கம்பளி. ஒரு மூலையில் தண்ணீர், எதிர் மூலையில் பேப்பர். சின்னக் கூண்டு இரவுத் தூக்கத்துக்குச் சரி, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குளிருக்கு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைக்கலாம். கரி போட்ட கணப்புச் சட்டியை அறையில் வைத்துவிட்டுப் போவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், அக்காவையும் செய்ய விடாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை மனிதர்களையே கொன்றிருக்கிறது, நீலகிரியிலும் கொடைக்கானலிலும். தரையோடு படுக்கும் குட்டி ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். ரூம் ஹீட்டர் என்றால் வயரைக் கடிக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை மயிர்க் குட்டி வைத்திருப்பவர்கள் ஸ்வெட்டர் போட வேண்டிவரும், உங்கள் லாப்ரடாருக்கு உலர்ந்த படுக்கை போதும்.

சாப்பாட்டில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை, இப்போது எதைச் சாப்பிடுகிறதோ அதையே தொடருங்கள். ஆனால் அன்பு மிகுதியால் வரும் ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுப்பார்கள், ஒரு தம்ளர் பால் ஊற்றுவார்கள். பாலில் பேதியாகும், பார்வோவா பாலா என்று தெரியாமல் உங்களுக்கு உயிர் போய்விடும். வீட்டில் ஹோம்மேட் சாக்லேட் இருந்தால் எட்டாத அலமாரியில் வையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம், நம் ஊர் சாக்லேட்டில் உலர்திராட்சையும் சேர்ந்தே இருக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் கூடாது. தும்மினால் நீலகிரித் தைலம் தேய்க்கும் கை நம் பாட்டிகளுடையது. நாய் அதை நக்கிவிட்டால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். "தைலம் மட்டும் வேண்டாம்க்கா" என்று தனியாகச் சொல்லுங்கள். முற்றத்தில் ஹைட்ரேஞ்சியா, தலைகீழாகத் தொங்கும் ஊமத்தைப் பூ, வேலியில் உண்ணிச்செடி இருந்தால் குட்டிக்கு எட்டாமல் அடைப்பு வையுங்கள். எலி மருந்து வீட்டு ஓனர் எங்காவது வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

பல் படுவது பற்றி அக்கா கட்டாயம் கேட்பார். குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டில் கீறத்தான் செய்யும். கீறல் பட்டால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும், பிறகு அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். ஊசி போடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், மருந்து அங்கே இலவசம்தான். உங்கள் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில்தான், அதுவரை "வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 1907-லிருந்து வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்த்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கும் ஊர் குன்னூர். இந்த ஊரில் யாரும் அந்த நோய்க்கு உயிரை விடக் கூடாது.

குட்டியின் வயதையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. ஆனாலும் 35 நாள் குட்டியை "ரெண்டு மாசம்" என்று கொடுப்பவர்கள் உண்டு. 8 வாரத்தில் பால்பல் 28-ம் வந்திருக்க வேண்டும். பின்பக்கப் பற்கள் இன்னும் முழுதாக வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டி வயதைக் கணித்து, ஊசிக் கணக்கையும் மேலே சொன்ன நேரக் கணக்கையும் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊசி முடியும்வரை முற்றம் தாண்டி வெளியே விடக் கூடாது என்றதும் குட்டியை அறைக்குள்ளேயே வளர்த்துவிடுவார்கள் சிலர். அதுவும் தவறு. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு மாலையில் கடைத்தெருவுக்குப் போங்கள். குடை, ரெயின்கோட், குல்லா போட்ட ஆள், ஜீப் ஹாரன், ரயில் கூவுவது எல்லாம் இந்த வயதிலேயே பார்த்துக் கேட்டுவிட வேண்டும். லாப்ரடார் கனமாகத்தான் இருக்கும், வார இறுதியில் சார் தூக்கட்டும். படிக்கட்டும் 3 மாதம் வரை தூக்கியே ஏற்றுங்கள், இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுப் பலவீனம் வரக்கூடியது.

தனியாக இருக்கவும் சொல்லித்தர வேண்டும், இந்த வாரமே தொடங்குங்கள். தடுப்புக்குள் விட்டு அறையை விட்டு ஐந்து நிமிஷம், பிறகு இருபது நிமிஷம், கதவைப் பூட்டிக்கொண்டு கடை வரை. போகும்போது கொஞ்சிவிட்டுப் போகாதீர்கள், வந்ததும் அது அடங்கிய பிறகு தொடுங்கள். பழைய போனைக் கேமராவாக வைத்துப் பார்க்கலாம், ஆனால் மழை பிடித்தால் கரண்ட்டும் நெட்வொர்க்கும் போகும் ஊர் நமது, அதை ஆளுக்குப் பதிலாக வைத்துவிடாதீர்கள்.

அடுத்த திங்களுக்குள் ஆள் கிடைக்கவில்லை என்றால் உங்களில் ஒருவர் இன்னும் ஒரு வாரம் லீவு போடுங்கள். அப்புறமும் கிடைக்கவே இல்லை என்றால், மனசு கஷ்டமாக இருந்தாலும், 4 மாதம் ஆகும்வரை பகலில் ஆள் இருக்கும் உறவினர் வீட்டில் குட்டியை வளர்க்கக் கொடுத்துவிட்டு வார இறுதியில் போய்ப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் கொடுத்தவரிடமே திருப்பி ஒப்படைத்துவிட்டு, இரண்டு மூன்று வயதான, பகலில் ஆறு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கும் நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒன்பது மணி நேரம் பூட்டிவைத்து வளர்ப்பதைவிட இது அந்தக் குட்டிக்குச் செய்யும் பெரிய நன்மை.

கடைசியாக அவசரத்துக்கு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், அக்கா படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் தமிழில். உங்கள் இருவரின் எண், பள்ளி அலுவலக எண், கால்நடை மருத்துவரின் எண், அரசு கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் நேரம், கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் ஒருவரின் எண். அதற்குக் கீழே: இரண்டு முறைக்கு மேல் வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தபேதி, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் சுருண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் சாயங்காலம் வரை காத்திருக்காமல் உடனே போன், உடனே ஆட்டோ. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்க வேண்டும், மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும், அதனால் காலையிலேயே தெரிந்த நோயை மத்தியானத்துக்குத் தள்ளக் கூடாது. ஆட்டோக்காரரிடம் நாய்க்குட்டியை ஏற்றுவாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள், சிலர் ஏற்ற மாட்டார்கள். இரண்டாவது சாவி ஒன்றை வீட்டு ஓனரிடமோ எதிர்வீட்டிலோ கொடுத்துவையுங்கள். ஊட்டியில் மழை வலுத்து, ரோடு நிற்கும் போலத் தெரிந்தால் பள்ளி விடும்வரை பார்க்காமல் மதியம் 2 மணிக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு நான் வர லேட்டாகும்க்கா, நீங்க போயிராதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.